மணி அடித்த பிறகு

பட்டாள முகாம், பினாங்கு
4-1-1937

அன்புள்ள சுப்பையாவுக்கு வயிரவன் எழுதிக்கொண்டது.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தைக் கேட்டு எழுதத்தான் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அல்லது தூங்குவதுபோல் படுத்திருந்தாய். பிறகு உன்னை எஞ்சினிலிருந்து இறக்கி, புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் விளக்கறை வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று துறைமுகத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். விலாசமும் அவர் கொடுத்ததுதான்.

குத்துச்சண்டைப் போட்டி மார்ச் முதல் சனிக்கிழமை நடக்கிறது. சிங்கப்பூர், மலாக்கா தொண்டர் படைகள் இங்கே வருகின்றன. நூற்று முப்பத்தைந்து ராத்தல் எடைக்கு நம் தொண்டர் பட்டாளத்தின் சார்பில் நான். அது யாருடைய இடம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிடங்கில் குமாஸ்தா வேலைக்கு லீவு வாங்கிக் கொடுத்து, என்னை முகாமிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள்.

காலை ஐந்தரைக்கு விசில். எஸ்பிளனேடிலிருந்து நார்தம் ரோடு வழியாகப் புலாவ் தீக்குஸ் வரை ஓடித் திரும்ப வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர்மலைச் சாலையில் ஏற்றம். அப்புறம் கயிறு தாண்டுதல், மணல் மூட்டை, வயிற்றில் கனப்பந்தை வாங்கிக்கொள்வது. மாலையில் எதிரில் ஆளே இல்லாமல் காற்றோடு மூன்று ரவுண்டு சண்டை. சார்ஜென்ட் துரை கடிகாரமும் கையுமாக நிற்கிறார். நான் இப்போது நூற்று நாற்பத்திரண்டு. ஏழு ராத்தல் கரைய வேண்டும் என்று சோற்றை நிறுத்திவிட்டார்கள். அவித்த இறைச்சி, முட்டை, சுட்ட ரொட்டி. தண்ணீர்கூட அளந்துதான்.

பசியைவிட ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஸ்ட்ரெச்சர் தூக்கும் பிரிவில் தமிழர் நாம் இரண்டு பேராக இருந்தோம். இப்போது நான் ஒருவன். மலாய்க்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேசை. சீனர்கள் ஒரு பக்கம், யுரேஷியர்கள் ஒரு பக்கம். போன வாரம் மூன்று நாள் நான் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பால்காரர் தினமும் மாட்டை அதட்டிக்கொண்டு போகிறார். அதை நின்று கேட்கிறேன்.

உனக்கு மனமிருந்தால் நாலு வரி எழுது. என் இடது கை இன்னும் கீழேதான் இறங்குகிறது.

இப்படிக்கு,
வயிரவன்

~

ரயில்வே லயம், புக்கிட் மெர்தாஜாம்
12-1-1937

அன்புள்ள வயிரவா,

உன் கடிதத்தை ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் நீட்டியபோது, எனக்கு யார் எழுதப்போகிறார்கள், வேறு சுப்பையாவாக இருக்கும் என்றுதான் சொன்னேன். கையெழுத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. எட்டு மாதம் எங்கே போயிருந்தது?

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே கைகாட்டி மரங்களுக்கு மட்டும் பதினொரு விளக்கு. காலையில் எல்லாவற்றையும் இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக ஏற்றி மாட்ட வேண்டும். சத்தமில்லாத வேலை. எஞ்சினில் நெருப்புக்கு முன்னால் நின்றவனுக்கு முதலில் குளிர்கிற மாதிரி இருந்தது. என்னோடு கரி அள்ளிய அய்யாக்கண்ணு இப்போது டிரைவர். மத்தியான வண்டியை அவன்தான் கொண்டுவருகிறான். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எனக்காக ஒரு சின்ன விசில் கொடுப்பான். நான் கை காட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

லயத்தில் என் அறைக்கு அடுத்த அறை காலி. எதிர் அறையில் சித்தி ஆயிஷா என்று ஒரு வயதான அம்மாள், கேட்கீப்பரின் தாயார். குழம்பு மிஞ்சினால் மூடி வைத்துவிட்டுப் போவார். பேச மாட்டார்.

சண்டை விஷயத்துக்கு வருகிறேன். உன் இடது கை ஏன் இறங்குகிறது தெரியுமா? வலது கையால் அடிக்கும் அவசரம். அடியைப் பற்றி நினைக்காதே, காலைப் பற்றி நினை. முன் காலை அரை அடி உள்ளே வாங்கு, தோள் தானாக உயரும். மாலையிலும் ஓடச் சொன்னால் வேண்டாம், காலை ஓட்டமே போதும். கடைசி வாரத்தில் எடை இறங்காவிட்டால் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கயிறு தாண்டு. ஆனால் தண்ணீரை அடியோடு நிறுத்தாதே. தலை கிறுகிறுக்கும், கண்டதையும் பேசுவாய்.

எழுது. நான் பதில் போடுகிறேன். பொழுது நிறைய இருக்கிறது.

உன்
சுப்பையா

~

பட்டாள முகாம், பினாங்கு
29-1-1937

என் பிரியமுள்ள சுப்பையா,

நீ சொன்னபடி காலை மாற்றினேன். சார்ஜென்ட் துரை, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். நீதான் அவர் கண்டெடுத்த ஆள், உனக்குத் தெரியாதா?

இப்போது நூற்று முப்பத்தெட்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே நாங்கள் ஓட வேண்டியதாயிற்று. ஒரு பந்தலில் என்னைக் கூப்பிட்டு மோர் நீட்டினார்கள். தமிழில் கூப்பிட்டார்கள். வாங்காமல் ஓடினேன். அன்று முழுக்க அதே நினைப்பு.

எனக்குப் பயிற்சிக்கு முகம்மது என்று ஒரு மலாய்க்காரரை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல மனிதர். பாயான் லெப்பாஸில் வீடு, இரண்டு குழந்தைகள். அவரோடுதான் சிக்கல். அவர் முகத்தை நோக்கி என் வலது கை போகும், கண்ணுக்கு அருகில் வந்ததும் நின்றுவிடும். நான் நிறுத்துவதில்லை, அதுவாக நிற்கிறது. முந்தாநாள் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, “தாக்குத் கா?” என்று கேட்டார். பயமா என்று. ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சுப்பையா, நாம் இருவரும் இதைப் பேசவே இல்லை. நான் எழுதிவிடுகிறேன். அன்று பயிற்சிக் கொட்டகையில் மூன்று ரவுண்டிலும் நீ என்னை அடித்து நொறுக்கினாய். கேப்டன் துரை பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தாயிற்று. துரைமார் வெளியே போனார்கள். கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தோம். நீ என் முதுகில் தட்டி, “இன்னும் கொஞ்சம் வேகம் வரணும்டா உனக்கு” என்றாய். கேலியாகக்கூட இல்லை, பிரியமாகத்தான் சொன்னாய். நான் வெறுங்கையால் அடித்தேன்.

ஒரே அடி. பிறகு ஸ்ட்ரெச்சர் பிரிவில் படித்தபடி நானே உன் கண்ணுக்குக் கட்டுப் போட்டேன். நன்றாகத்தான் கட்டினேன். சார்ஜென்ட் ஓடி வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னே நீ, ஈரத் தரையில் வழுக்கிப் பெஞ்சு முனையில் விழுந்தேன் என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். அடித்ததைவிட அந்த ‘ஆமாம்’தான் என்னைத் தின்கிறது.

கேப்டன் துரையிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன். போட்டியிலிருந்து என்னை நீக்கட்டும். பட்டாளத்தைவிட்டே அனுப்பட்டும். உனக்குச் செய்ய என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

உன்
வயிரவன்

~

புக்கிட் மெர்தாஜாம்
3-2-1937

வயிரவா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. தபால் போய்விடுமே என்று விளக்கு துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வேண்டாம். சொல்லாதே.

காரணம் சொல்கிறேன், நிதானமாகப் படி. ஒரு கண் போனவனை ரயில்வே வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பட்டாள வேலையில் இருந்தபோது விபத்து என்று கேப்டன் துரை கைப்பட எழுதிக் கொடுத்த காகிதத்தால்தான் இந்த அறை, இந்த விளக்குகள், இந்தச் சாப்பாடு. அந்தக் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விபத்து இல்லை, இரண்டு பேர் அடித்துக்கொண்டது என்று ஆனால் நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். அப்புறம் நான் எங்கே போவேன்?

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதே. ஏன் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

உனக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தால் அந்தப் போட்டியில் ஜெயித்துவிட்டு வா. அந்த எடையில் நம் பட்டாளத்துக்கு ஒரு கோப்பை வரட்டும். அது போதும் எனக்கு. முகம்மதின் முகத்தில் அடி. அவர் கையைத் தூக்கி நிற்கிற ஆள், தெரிந்தே நிற்கிறார். அதுவும் இதுவும் ஒன்றல்ல.

தண்ணீர் குடி.

சுப்பையா

~

பட்டாள முகாம், பினாங்கு
16-2-1937

அன்புள்ள சுப்பையா,

கோபப்படாமல் படி.

நேற்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. நாலைந்து தரம் படித்திருந்தேன். ஆனாலும் முடியவில்லை. காலை ஓட்டத்தில் முகம்மதுக்கு முன்னால் மயங்கி விழுந்தேன். எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்தவுடன், இப்போது போகாவிட்டால் எப்போதும் போகமாட்டேன் என்று தோன்றியது. ஓட்டச் சட்டையோடு கேப்டன் துரையின் அறை வாசலில் போய் நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றும் விடவில்லை. அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “இது உன் நண்பனுக்குத் தெரியுமா, நீ இங்கே வந்தது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தானே புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் உன்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். அதுவரை பயிற்சி நடக்கட்டும் என்றார்.

உன் வேலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சுப்பையா மேல் தவறில்லை, ரயில்வேக்கு எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். நியாயமான மனிதர், உனக்குக் கெடுதல் செய்யமாட்டார்.

இது உனக்காகச் செய்தது. ஒரு நாள் புரிந்துகொள்வாய். நேற்று படுத்ததும் தூங்கிவிட்டேன். விசில் ஊதும் வரை எழவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

உன்
வயிரவன்

~

புக்கிட் மெர்தாஜாம்
24-2-1937

வயிரவனுக்கு,

திங்கட்கிழமை கேப்டன் துரையும் பட்டாள டாக்டரும் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கையெல்லாம் மண்ணெண்ணெய். துடைத்துக்கொள்ள நேரம் தரவில்லை.

வயிரவன் இப்படிச் சொல்கிறானே, உண்மையா என்று கேட்டார் துரை. ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இல்லை என்றேன். வழுக்கித்தான் விழுந்தேன், வயிரவன் அப்போது கொட்டகையின் அந்தக் கோடியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், சத்தம் கேட்டு ஓடி வந்து கட்டுப் போட்டதே அவன்தான் என்றேன். எடை குறைக்கப் பட்டினி கிடக்கிறான், தலை கிறுகிறுத்துப் போய் எதையாவது நினைத்துக்கொள்கிறான் என்றும் சொன்னேன். டாக்டர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். போன வாரம்கூட மயங்கி விழுந்தான் என்றார். கேப்டன் துரையின் முகம் தெளிந்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். கை கொடுத்துவிட்டுப் போனார். கையில் எண்ணெய் ஒட்டியதைப் பார்த்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

வேலை போகவில்லை. ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அதிலிருந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். மத்தியானம் அய்யாக்கண்ணுவின் வண்டி வரும்போது நான் பிளாட்பாரத்துக்குப் போவதில்லை.

எனக்காகச் செய்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்காக என்றால் என்னைக் கேட்டிருப்பாய். நான் வேண்டாம் என்று எழுதியதைப் பையில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாய். நீ தூங்கினாயே அந்தத் தூக்கம், அதற்காகத்தான் போனாய். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. எனக்கென்று சொல்லாதே, அவ்வளவுதான்.

எனக்கும் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று முன்பு தெரியவில்லை என்றேனே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்கு நடந்தது. அடி நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது, எஞ்சினிலிருந்து இறக்கியது நடந்தது. நானாகச் செய்தது அந்தப் பொய் ஒன்றுதான். அதையும் என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாய்.

உன்மேல் முன்பு கோபம் இருந்ததில்லை. சத்தியமாக இல்லை. உன் முதல் கடிதம் வந்த அன்று சந்தோஷப்பட்டேன். இப்போது இருக்கிறது.

இனி எழுத வேண்டாம். சண்டையை நன்றாகப் போடு.

சுப்பையா

~

வெல்டு கீ, பினாங்கு
15-3-1937

சுப்பையாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதில் கேட்டு எழுதவில்லை.

உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்று கேப்டன் துரை என்னைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். டாக்டர் சொன்னார் என்று என் முன்னால் ஒரு தட்டுச் சோறு வைத்தார்கள். சாப்பிடு என்று நின்று பார்த்தார்கள். சாப்பிட்டேன். நான் சொன்னது உண்மைதான் என்று இன்னொரு தரம் சொன்னேன். தெரியும், தெரியும், சாப்பிடு என்றார் சார்ஜென்ட். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டி அன்று காலை என் எடை சரியாக நூற்று முப்பத்தைந்து.

சிங்கப்பூர்க்காரன் ஒரு யுரேஷிய வாலிபன். என்னைவிட உயரம், நல்ல இடது கை. முதல் ரவுண்டு அவனுடையது. இரண்டாவதில் முன் காலை உள்ளே வாங்கி அடித்தேன், அவன் புருவம் கிழிந்தது. இரத்தம் கண்ணில் இறங்கியது. நடுவர் பார்த்துவிட்டு, போடலாம் என்றார். மூன்றாவதுக்கு மணி அடிக்குமுன் சார்ஜென்ட் என் காதில், அந்தப் புருவத்தில்தான் உன் வேலை என்றார். கை நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மூன்று தரம் அதே இடத்தில் அடித்தேன். ஜெயித்தேன். கொட்டகை முழுக்க எழுந்து நின்றது. அதில் ஒரு முகமும் எனக்குச் சொந்தமில்லை.

அவனைப் பின்னறையில் போய்ப் பார்த்தேன். டாக்டர் தைத்துக்கொண்டிருந்தார். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, படுத்தபடியே கையை நீட்டினான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். எதற்கு என்று அவன் கேட்டிருப்பான். கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். நீ எழுதியது சரி. அதுவும் இதுவும் ஒன்றல்ல.

பட்டாளத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். கேப்டன் துரை காரணம் கேட்டார். கிடங்கில் வேலை அதிகம் என்றேன். நம்பினார். பொய்யை எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஃபெரி ஏறினேன். அக்கரையில் பிறை ஸ்டேஷனிலிருந்து மாலை வண்டி. உன்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஏதாவது திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்கத்தான் வந்தேன்.

இறங்கியதும் உன்னைப் பார்த்தேன். பிளாட்பாரக் கோடியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தாய். மெலிந்திருக்கிறாய். தலைமுடி கொஞ்சம் நரைத்திருக்கிறது, நமக்கு அதற்குள் என்ன வயது? ஏற்றின விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொக்கியைத் தேடினாய். கை கொக்கிக்கு முன்னாலேயே மூடியது. திரும்பவும் நீட்டினாய். இந்தத் தடவை தாண்டிப் போயிற்று. விளக்கு ஆடியது. நான் கோப்பிக் கடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பத்தடிதான் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே, சுப்பையா, என்று என் வாய் வரை வந்துவிட்டது. ஓடி வந்து ஏணியைப் பிடிக்கலாம் என்று காலும் எழுந்தது. உன்னைக் கேட்காமல் இன்னொன்று செய்யப்போகிறேன் என்று தெரிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ கையை இறக்கினாய். வேட்டியில் துடைத்துக்கொண்டாய். பிறகு விரலால் கம்பத்தைத் தொட்டு, அதன் மேலேயே தடவிக்கொண்டு போய்க் கொக்கியைப் பிடித்து, விளக்கை மாட்டினாய். இறங்கி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த விளக்குக்குப் போனாய்.

கோப்பையோடு நான் திரும்பி வந்துவிட்டேன்.

வயிரவன்